மேய்க்காலில் புல் எங்கே?

காஞ்சிபுரத்தில் மரத்துக்கு மரியாதை உண்டு. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைத் தலவிருட்சம் என்று வலம் வருகிறோம். புல்லுக்கான மரியாதையோ பிள்ளையாருக்குச் சாத்தும் அருகோடும் சடங்குக்கு வேண்டிய தருப்பையோடும் முடிந்துவிடுகிறது. ஊர் எல்லையைத் தாண்டினால் பாலாற்றுப் படுகையிலும் ஏரி உள்வாயிலும் மேய்க்கால் புறம்போக்கிலும் சீமைக் கருவேலம் அடர்ந்து நிற்கிறது. அருகும் கோரையும் கொழுக்கட்டைப் புல்லும் வளர வேண்டிய மண் அது. கருவேலம் வந்துதான் புல் அழிந்தது என்கிறோம். பாதிதான் உண்மை. கருவேலம் மண்ணிலிருந்து விரட்டுவதற்கு முன்பே புல்லை நம் கணக்கிலிருந்து நாம் நீக்கிவிட்டோம்.

வரி தராத நிலத்தையெல்லாம் தரிசு என்று எழுதிவைத்த வழக்கம் வெள்ளையர் கால வருவாய்க் கணக்கிலிருந்து வருகிறது. இன்றும் மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலமும் நலிந்த மேய்ச்சல் நிலமும் இடம்பெறுகின்றன. தரிசு என்று பெயர் விழுந்த நிலத்தைப் பார்த்தால் எதையாவது நட்டு நிரப்பத்தான் கை போகும். அமெரிக்கக் கண்டத்துச் சீமைக் கருவேலம் 1877 வாக்கில் சென்னை மாகாணத்துக்கு வந்தது விறகுத் தேவைக்காக. குஜராத்தின் பன்னி புல்வெளியில் 1961இல் வனத்துறையே அதைப் பரப்பியது, உப்பு முன்னேறுவதைத் தடுக்க. பழனி மலையில் சீகையும் யூகலிப்டஸும் பைனும் நட்டார்கள். அங்கே சுமார் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. நோக்கம் எங்கும் நல்லதுதான். அந்த நிலத்தில் ஏற்கெனவே ஒரு தாவரக் குடும்பம் வாழ்கிறது என்பதுதான் யார் கண்ணிலும் படவில்லை.

அந்தக் குடும்பம் குலைவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் வேரில் உயிரைப் பிடித்து ஆண்டுதோறும் தழைக்கும் பல்லாண்டுப் புற்கள் உண்டு. மழைக்கு முளைத்துக் கோடையில் காய்ந்துபோகும் ஓராண்டுப் புற்கள் உண்டு. இடையிடையே மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் கொழிஞ்சி போன்ற செடிகளும் உண்டு. அளவுக்கு மீறி மேய்ந்தாலோ மண் அள்ளினாலோ முதலில் போவது பல்லாண்டுப் புற்கள்; மாடு விரும்பித் தின்பது அவற்றைத்தான். மாடு சீண்டாதவை மிஞ்சுகின்றன, வெறும் மண் தெரிகிறது, பார்த்தீனியம் ஏறுகிறது. கருவேலத்துக்கு இதைவிட நல்ல வாசல் வேண்டியதில்லை. அதன் இலையை ஆடுமாடு பெரும்பாலும் தொடாது, இனிக்கும் காயை மட்டும் தின்னும். கெட்டி ஓட்டு விதை வயிற்றில் பதப்பட்டுச் சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. புல்லைத் தேடி அலையும் மாடே புல்லின் எதிரியை விதைத்துவிட்டுப் போகிறது. மரங்களின் தழை மேலே கூடியதும், வெயிலில் மட்டுமே செழிக்கும் நம் புற்கள் நிழலில் மடிகின்றன. காற்றில் கரியமில வாயு பெருகுவதும் மரத்துக்கே சாதகம்: வெப்பநிலப் புற்கள் அந்த வாயுவை இலைக்குள் தாமே செறிவாக்கிக்கொள்பவை, ஆகவே கூடுதல் வாயுவால் அவற்றுக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. 2015இன் பெருமழையும் 2016இன் வறட்சியும் போல அடுத்தடுத்து வரும் ஆண்டுகளில், ஆழ வேர் விட்ட மரம் தாங்கிக்கொள்கிறது. நலிந்த புல்தரை தாங்குவதில்லை.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. கருவேலம் ஏழையின் விறகு, ராமநாதபுரத்துக் கரிமூட்டக்காரரின் சோறு என்பார்கள். நியாயமான பேச்சு. பட்டா நிலத்தில் வளர்த்து வெட்டுகிறவரைத் தடுக்க வேண்டியதில்லை. கேள்வி பொதுநிலத்தைப் பற்றியது, அங்கே ஆடுமாடு வைத்திருப்பவரும் ஏழைதான். மரம் கரியை உறிஞ்சுமே, பசுமை குறையாதா என்பது அடுத்த கேள்வி. புல் தன் கரியைப் பெரும்பாலும் வேரிலும் மண்ணிலும் வைக்கிறது. மேலே தீ பட்டாலும் அது பத்திரமாகக் கிடக்கும். பச்சையாகத் தெரிவதெல்லாம் வளம் ஆகிவிடாது. அதேபோல, கருவேலம் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்று மேடையில் சொல்வதையும் விட்டுவிடலாம். உண்மையான குற்றப்பட்டியலே போதுமான அளவு நீளம்.

எனக்குப் பெரிய கவலை, மரத்தை அகற்றுகிறவர்களின் அவசரம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றவும் நிலத்தை மீட்கவும் ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆனால் தரைக்கு மேலே வெட்டினால் கட்டை மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு எழும்பும். பாவு தீர்ந்ததும் பழைய இழையோடு புது இழையைப் பிணைத்த பிறகே தறியில் உட்காருகிற ஊர் இது. நிலத்திலும் அந்தப் பிணைப்பு வேலை உண்டு: மரம் போன இடத்தில் உள்ளூர்ப் புல்லின் விதையைத் தூவ வேண்டும், புல் வேர் பிடிக்கும்வரை மேய்ச்சலை நிறுத்த வேண்டும், இரண்டு மூன்று பருவங்களுக்குக் கருவேலக் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அகற்றிய கையோடு வேறு மரக்கன்றுகளை வரிசையாக நட்டால் பழைய தவறுதான் புதுப் பெயரில் வருகிறது.

இந்த மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று கல்லில் வெட்டினார்கள். இன்று அந்த இடத்தில் கிராம சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊர் மேய்க்கால் எத்தனை ஏக்கர், அதில் புல் எத்தனை ஏக்கரில் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.