உங்களுக்குத் தெரியுமா? நெட்டியில் பிறந்த துரைத்தொப்பி

ஆங்கிலேயர் ஆட்சிக்கால வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்கு அணிந்த சோலா தொப்பி, நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்ணிறத் தண்டுத் தக்கையால் ஆனது. தஞ்சைக் கைவினைஞர்கள் கோயில் மாதிரிகளைச் செதுக்குவதும் இந்த அருமையான நெட்டியில்தான்; அந்தத் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. மெல்லிய நெட்டித் தகடுகளை அடுக்கி ஒட்டித் துணி போர்த்தியிருப்பதால் சோலா தொப்பி கையில் கனமே தெரியாது. கார்க்கினாலான வுல்ஸ்லி வகைத் தொப்பி சற்றுக் கனக்கும். உச்சியில் காற்றுப்போக்குக் குமிழும், உள்ளே தலையைச் சுற்றி அமரும் தோல்பட்டைக்கும் தொப்பிச் சுவருக்கும் இடையே காற்றோடும் இடைவெளியும் உள்ளனவா என்று சேகரிப்போர் பார்ப்பர். தோல்பட்டையில் பொறித்த கடைப்பெயர் எஞ்சியிருந்தால் ஊரும் காலமும் துலங்கக்கூடும். நெட்டி நீரை உறிஞ்சி ஊறி உருக்குலையும் என்பதால், பரணில் கிடைத்த தொப்பியை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது.