பருந்துக்குப் பாறை, ஆல்பட்ராஸுக்குக் காற்று

பங்குனி, சித்திரையில் முற்பகல் பத்து மணிக்கு மேல் மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் சன்னிதியில் நின்று பாருங்கள். பருந்துகள் மலையைச் சுற்றி வட்டமிட்டபடியே மேலேறும். சிறகை அடிப்பதே அபூர்வம். வெயிலில் கொதிக்கும் பாறை தன்மேல் படும் காற்றைச் சூடாக்கி மேலே அனுப்புகிறது; பருந்து அதில் ஏறிக்கொள்கிறது.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வளர்ந்தவன் நான். வானத்தில் கருடன் தெரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஊர் அது. பின்னாளில் வானிலைத் துறையில் வேலை கிடைத்தது. சூடான பாறையே இல்லாத இடத்தில் ஒரு பறவை எப்படிச் சிறகடிக்காமல் பறக்கும் என்ற கேள்விக்கு, அந்த வேலைதான் என்னைக் கப்பலேற்றி விடை காட்டியது.

இந்தியாவின் முதல் அண்டார்க்டிகா பயணம் 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து கிளம்பியது. டாக்டர் எஸ்.இசட். காசிம் தலைமையிலான குழு, ‘போலார் சர்க்கிள்’ என்ற கப்பலில் சென்று 1982 ஜனவரி 9 அன்று பனிக்கண்டத்தில் இறங்கியது. அன்று தொடங்கி ஏறக்குறைய ஆண்டுதோறும் குழுக்கள் போகின்றன. அவற்றில் வானிலைத் துறையினரும் உண்டு. 1990களில் எனக்கும் அந்த வாய்ப்பு வந்தது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய வெதுவெதுப்பான கடலில் பறவைகள் மிகக் குறைவு. நாள் முழுக்க நின்றாலும் பறக்கும் மீன்கள்தான் கண்ணில் படும். தெற்கு அட்சரேகை நாற்பதைத் தாண்டியதும் எல்லாம் மாறும். ‘ரோரிங் ஃபார்ட்டீஸ்’ என்று மாலுமிகள் சொல்லும் பேய்க்காற்றுப் பகுதி அது. குழுவில் பாதிப் பேர் கடல்மயக்கத்தில் படுத்துவிட்டார்கள். அப்போதுதான் ஆல்பட்ராஸ் வந்தது.

வாண்டரிங் ஆல்பட்ராஸின் சிறகு விரிப்பு மூன்றரை மீட்டர் வரை இருக்கும். இன்றுள்ள பறவைகளில் இதுவே மிகப் பெரிது. கப்பலின் பின்தளத்தில் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றேன். எனக்கு நேராக, கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால், அது மிதந்து வந்தது. கண்ணில் பதற்றமே இல்லை. அலகின் இருபுறமும் சிறு குழாய்போல மூக்குத் துளைகள். அலகு நுனியில் ஒரு சொட்டு நீர் திரண்டு காற்றில் பறந்தது. அது உப்புநீர். குடிக்கும் கடல்நீரின் உப்பைக் கண்ணுக்கு மேலுள்ள சுரப்பிகள் பிரித்து மூக்கு வழியே வெளியேற்றிவிடுகின்றன.

அது பறக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சூட்சுமம் புரியும். அலையை ஒட்டி வீசும் காற்று நீரில் உரசி வேகம் குறைகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் மேலே போனால் காற்றின் வேகம் அதிகம். பறவை முதலில் காற்றை எதிர்த்து மேலேறும். ஏற ஏற எதிர்க்காற்று வலுப்பதால் அதற்கு ஆற்றல் கிடைக்கிறது. உச்சியில் உடலைச் சாய்த்துத் திரும்பி, காற்றோடு சேர்ந்து சறுக்கி இறங்கும். அலையின் பள்ளத்தில் மறுபடி காற்றுப் பக்கம் திரும்பும். விரித்த சிறகைப் பிடித்துக்கொள்ள அதன் தோளில் ஒரு தசைநார்ப் பூட்டு இருப்பதால் தசைகளுக்கு வேலை குறைவு. பருந்துக்கு மலைக்கோட்டைப் பாறை எப்படியோ, ஆல்பட்ராஸுக்கு அந்தக் காற்று அப்படி. காற்று நின்றுவிட்டால் இந்தப் பெரும் பறவை கடலில் உட்கார்ந்துவிடுகிறது.

கப்பலிலிருந்து பறவை பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு புறத்தை மட்டும் தேர்ந்துகொண்டு, 300 மீட்டர் அகலத்துக்குள் வருவதைப் பத்துப் பத்து நிமிடமாக எண்ணுவார்கள். கப்பலைத் தொடர்ந்து சுற்றிவரும் பறவையைத் திரும்பத் திரும்பக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தேதி, நேரம், அட்சரேகை, காற்று, நீரின் வெப்பம் எல்லாவற்றையும் கூடவே எழுத வேண்டும்.

கடல்நீரின் வெப்பம் எங்கள் வேலை. வாளியை இறக்கி நீர் மொண்டு வெப்பமானியை வைப்போம். ஓரிடத்தில் அது சட்டென்று இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. மூடுபனி சூழ்ந்தது. வடக்கத்திக் கடல்நீரும் அண்டார்க்டிக் குளிர்நீரும் சந்திக்கும் எல்லை அது. அதைத் தாண்டியபின் பறவைகளும் மாறின. முதுகில் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் கொண்ட கேப் பெட்ரல்கள் கூட்டமாகச் சுற்றின. பனிப்பாறைகள் தென்பட்டதும் தூய வெள்ளையான ஸ்னோ பெட்ரல்கள் வந்தன. இந்திய நிலையமான மைத்ரி இருக்கும் குயின் மாட் லேண்டிலேயே, கடலிலிருந்து சுமார் 200 கி.மீ. உள்ளே, ஸ்வார்த்தாமாரென் என்ற மலைச்சரிவில் அண்டார்க்டிக் பெட்ரல்கள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. குஞ்சுக்கு இரை தேட ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் பறந்து கடலுக்கு வரவேண்டும்.

எல்லாவற்றிலும் என் மனத்தில் நின்றது மிகச் சிறிய ஒன்று. வில்சன் ஸ்டார்ம் பெட்ரல். எடை சுமார் 40 கிராம். கால்களைத் தொங்கவிட்டு, நீர்மேல் தட்டித் தட்டி நடப்பதுபோல் இரை பொறுக்கும். எங்களோடு வந்த ராணுவ வீரர் ஒருவருக்குக் குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் ஊர். பார்த்ததுமே சொன்னார்: “சார், இத எங்கப்பா ஆழ்கடல்ல பாத்திருக்காரு. ஆடி, ஆவணியில படகுக்குப் பின்னாலயே வருமாம்.” அவர் சொன்னது சரி. அண்டார்க்டிகாவின் பாறை இடுக்குகளில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, அங்கே குளிர்காலம் வந்ததும் நிலநடுக்கோட்டைத் தாண்டி அரபிக்கடலுக்கும் குமரிக் கடலுக்கும் வருகிறது. தென்கோடிப் பறவைகளுக்கு நம் கடலும் வீடுதான்.

அந்த வீடுகளில் ஆபத்து கூடிவருகிறது. ஆல்பட்ராஸ் இனங்கள் 22. அவற்றில் 15 அழியும் அபாயப் பட்டியலில் உள்ளன. ஆயிரக்கணக்கான தூண்டில்கள் கோத்த நீண்ட கயிறுகளை மீன்பிடிக் கப்பல்கள் கடலில் விடும்போது, இரையைக் கொத்தும் பறவை முள்ளில் மாட்டி மூழ்கிச் சாகிறது. வாண்டரிங் ஆல்பட்ராஸ் இரண்டு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. இழப்பை அதனால் ஈடுகட்ட முடியாது. தீர்வு எளிது: தூண்டில் கயிற்றை இரவில் இறக்குவது, சீக்கிரம் மூழ்க எடை கட்டுவது, பறவைகளை விரட்ட வண்ண நாடாக்களைப் பறக்கவிடுவது. தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றி இவற்றைக் கட்டாயமாக்கிய பிறகு, 1990களில் ஆயிரக்கணக்கில் இருந்த சாவு ஏறக்குறைய இல்லாமலே போனது. இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2023 அக்டோபரில் அதே தெற்கு ஜார்ஜியா பகுதியில் பறவைக் காய்ச்சல் தென்பட்டது. 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகா கண்டத்தின் ஸ்குவாப் பறவைகளிலும் அது உறுதியானது.

இவற்றைப் பார்க்க எல்லோரும் அண்டார்க்டிகா போக முடியாது, போகவும் வேண்டாம். ஆழ்கடல் செல்லும் நம் மீனவர்கள் பார்த்ததை எழுதிவைக்க, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நோட்டு போட்டாலே போதும். இ-பேர்ட் தளத்திலும் பதியலாம். ஆடிக்காற்றில் களைத்துக் கரையொதுங்கும் கடற்பறவையைக் கண்டால் திரும்பக் கடலில் எறியாதீர்கள். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். நாய், காகம் நெருங்காமல் காவல் நின்று, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அது எந்தக் கண்டத்திலிருந்து நம்மை நம்பி வந்ததோ!