வயது மைனஸ் ஐந்தா? ஸ்பெக் எப்படிப் பிடிக்கிறது?

ரிச் ஹிக்கி 2007-இல் வெளியிட்ட குளோஜர் நிரல் மொழியில் தரவு பெரும்பாலும் வெறும் மேப்தான், அதாவது புலப் பெயர்களும் அவற்றின் மதிப்புகளும். வயது என்ற புலத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்துச் சரம் வந்தாலும் மொழி தடுக்காது. எங்கோ தள்ளி, கூட்டல் போடும் வரியில்தான் நிரல் விழும்.

2016-இல் அறிமுகமான ஸ்பெக் நூலகம் இதை வாசலிலேயே சோதிக்க வழி தருகிறது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் சாதாரண ஃபங்ஷன்தான் விதி. முழு எண்ணா? பூஜ்யத்தைவிடப் பெரியதா? இரண்டையும் இணைத்தால் வயதுக்கான ஸ்கீமா தயார். மைனஸ் 5 கொடுத்துப் பாருங்கள்: எந்தப் புலம், எந்த மதிப்பு, எந்த விதியில் தவறியது என்று விளக்கமே வரும்.

பதிவு செய்யாத கூடுதல் புலத்தை ஸ்பெக் கண்டுகொள்ளாது. சிலருக்கு இது எரிச்சல். எனக்குச் சரியென்றே படுகிறது, ஏனெனில் நாளை புதுப் புலம் சேர்ந்தாலும் பழைய நிரல் உடையாது. தரவைச் சரிபார்க்கும் அதே விதியிலிருந்து சோதனைக்கான மாதிரித் தரவையும் உருவாக்கிக்கொள்ளலாம்.