உப்புத் தண்ணியில் துவை, நல்ல தண்ணியில் அலசு

ஆனைக்குட்டத்தில் அர்ச்சுனா நதியை மறித்து நிற்கும் அணையிலிருந்துதான் விருதுநகருக்குக் குடிநீரில் ஒரு பங்கு போகிறது. அணையின் ஷட்டர் கசிவு பல வருடம் செய்தித்தாளில் அடிபட்ட சங்கதி. மழை பொய்த்தால் ஆற்றில் மணல்தான். எனவே இந்தப் பக்கம் துணி துவைப்பதில் கரண்டைவிடத் தண்ணீரைத்தான் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

கரண்டுக்கு வழி எளிது. பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை துவைக்க மிஷினுக்குக் கால் யூனிட்கூடத் தேவைப்படாது. ஹீட்டர் உள்ள மிஷினில் 60 டிகிரி வைத்தால், 15 லிட்டரை 30 டிகிரியிலிருந்து அதுவரை ஏற்றவே அரை யூனிட் ஆகிவிடும். மதியம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தவர்கள் அந்தப் பட்டனைத் தேட மாட்டார்கள்.

தண்ணீரைக் குடிப்பது அலசல். போர் தண்ணீரின் கால்சியம், மக்னீசிய உப்புகளில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். நுரை வரவில்லையே என்று பவுடரை அள்ளிப் போடுகிறோம். பிறகு அது போவதற்கு இன்னும் இரண்டு அலசல். பவுடரைக் கூட்டாமல் கொஞ்சம் சலவைச் சோடா போட்டாலே தண்ணீர் இளகும். ஒவ்வொரு அலசலுக்கு முன்னும் துணியை நன்றாகப் பிழிந்தால் ஒரு அலசல் மிச்சம். உப்புத் தண்ணீரில் துவைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்தால் போதும்.

மிஷின் வாங்குவோருக்கு: முன்கதவு மிஷின், மேலே துணி போடும் ஆட்டோமேட்டிக்கைவிடப் பாதித் தண்ணீரில் முடித்துவிடும். ஆனால் என் ஓட்டு பழைய இரட்டைத் தொட்டி மிஷினுக்கே. அதில் வெள்ளை துவைத்த தண்ணீரிலேயே கலர்த் துணியையும் போடலாம்.

பயர் ஆபீஸ் (பட்டாசு ஆலை) துணி மட்டும் இதில் சேராது. நிலைமின்சாரப் பயத்தால் அங்கே பருத்திதான் உடுத்த வேண்டும். பருத்தியில் அலுமினியப் பவுடர் அப்பிக்கொண்டு வரும். வீட்டுக்குள் உதறக் கூடாது, அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சோடா போடாத வெறும் தண்ணீரில், திறந்த வாளியில் தனியாக அலசிவிட்டுத் துவைக்க வேண்டும். பிள்ளைகள் துணியோடு கலக்காதீர்கள். கடைசி அலசல் தண்ணீரைக் கக்கூசுக்கு ஊற்றலாம். பட்டாசு மருந்து கலந்த தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடவே கூடாது.

காயவைக்க, தீக்குச்சியையும் பட்டாசையும் காயவைத்து இந்தப் பக்கத்து ஊர்களை வளர்த்த வெயில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் சிக்கல். அப்போது ராத்திரி முழுக்க ஃபேனைச் சுழலவிட்டால் அரை யூனிட்டைத் தாண்டும். மிஷினில் இன்னொரு தடவை பிழிய ஐந்து நிமிடம் போதும், கரண்டும் சொற்பம்.