சிலைகளை அளக்கும் கைக்கருவி: அளவுக்கு முத்திரை எங்கே?

திருப்பதியிலிருந்து பாகாலா வழியாகக் காட்பாடி செல்லும் ரயில் மார்க்கத்தில் உள்ள ஊர் சந்திரகிரி. விஜயநகர மன்னர்களின் பிற்காலத் தலைநகரங்களில் ஒன்று. இங்குள்ள கோட்டைக்குள் இருக்கும் ராஜமகால் மூன்று அடுக்கு மாளிகை. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை இவற்றைக் கொண்டே, மரம் சேர்க்காமல் எழுப்பப்பட்டது. இன்று அதில் தொல்பொருள் இலாகாவின் மியூசியம் இயங்கி வருகிறது. குடிமல்லம், கண்டிகோட்டை, யாகண்டி ஆகிய இடங்களிலிருந்து வந்த கற்சிலைகளும் உலோகச் சிலைகளும் இதில் உள்ளன. திருமலை தரிசனம் முடித்து வரும் தமிழ்க் குடும்பங்கள் பல இதையும் பார்த்துவிட்டுப் போகின்றன.

ஒரு சிலையின் உயரம் இத்தனை, அகலம் இத்தனை என்று எழுதி வைத்துவிட்டால் அளந்தாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் முகத்தின் வளைவு, விரலின் மடிப்பு, ஆடையின் கொசுவம் இவையெல்லாம் அளவுநாடாவுக்குள் அடங்குவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் முப்பரிமாண ஸ்கேனர் என்னும் கருவி. இப்போது அது இஸ்திரிப் பெட்டி அளவுக்குச் சுருங்கிக் கையில் பிடித்து அளக்கும் கருவியாகிவிட்டது.

ஸ்ரீபுரந்தான் பாடம்

சிலையை இவ்வளவு நுட்பமாக அளப்பது எதற்கு என்று கேட்கலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் அதற்குப் பதில் சொல்வார். களவு போன அந்தச் சிலையை 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. "இது எங்கள் ஊர்ச் சாமி" என்று நிரூபிக்க உதவியது, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டில்லி வந்தபோது சிலையைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் புகைப்படம் இல்லாதிருந்தால்? புகைப்படம் கூட இல்லாத சிலைகள் எத்தனையோ கிராமக் கோயில்களில் இருக்கின்றன. நமது ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை வார்ப்பார்கள். பிறகு அந்த மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகையால் ஒரு சிலை போல இன்னொரு சிலை அச்சு அசலாக அமைவதில்லை. கைரேகை போல ஒவ்வொன்றும் தனி. அந்த ரேகையைப் பதிவு செய்யும் வல்லமை ஸ்கேனருக்கு உண்டு.

பரங்கிமலைக் கணக்கு

இக்கருவியின் உள்ளே இருக்கும் கணக்கு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். 57 நாள் பிடித்தது. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுகொள்ளலாம் அல்லவா? இப்படி அளந்த கோட்டை ஆதாரமாக வைத்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கி நாட்டையே அளந்து சென்றார்கள்.

கைக்கருவியிலும் இதே கதைதான். ஒரு முனையிலிருந்து லேசர் ஒளிக்கோடு சிலைமீது விழுகிறது. மறு முனையிலுள்ள காமிரா அதைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் முன்பே தெரிந்த பக்கம். கோணத்தைக் கொண்டு சிலையின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து சிலையின் உருவம் திரையில் எழுகிறது.

எங்கே தவறுகிறது?

பரங்கிமலைக் கோடு பிசகியிருந்தால் நாட்டின் அளவே பிசகியிருக்கும். அதுபோலக் கருவி கீழே விழுந்தாலோ, வெயிலில் காய்ந்தாலோ உள்ளே இருக்கும் அந்தச் சிறிய தூரம் மாறி, எல்லா அளவும் மாறிவிடும். இதற்காகவே அளவு தெரிந்த புள்ளிகள் பொறித்த ஒரு தட்டைப் பல கருவிகளோடு சேர்த்துத் தருகிறார்கள். வேலை தொடங்குமுன் அந்தத் தட்டை அளந்து கருவியைச் சரிபார்க்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவதும் இந்த வேலைதான்.

இரண்டாவது தொல்லை நடை. கருவியைப் பிடித்துக்கொண்டு சிலையைச் சுற்றி வரும்போது, ஒவ்வொரு அடியிலும் நேரும் சிறு பிழை அடுத்த அடியில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால், முதற்புள்ளியும் கடைசிப் புள்ளியும் பொருந்தாமல் விலகி நிற்கும். தொழிற்சாலைகளில் பொருளின்மேல் சிறு ஒளிப்பொட்டுகளை ஒட்டி இதைத் தவிர்க்கிறார்கள். பழஞ்சிலையின்மேல் பசை படலாமா? ஆகவே பொட்டுகளைப் பீடத்தைச் சுற்றி வைத்த பலகையில் ஒட்டுவது நல்ல வழி.

மூன்றாவது பளபளப்பு. எண்ணெய்க் காப்பு ஏறிய கருங்கல் ஒளியை விழுங்குகிறது. துலக்கிய வெண்கலம் ஒளியைக் கண்டபடி சிதறடிக்கிறது. வெள்ளைப் பொடி தூவினால் கருவிக்கு வசதி, சிலைக்கு ஆகாது. நீலநிற லேசர், ஒரே இடத்தைக் குறைந்த ஒளியிலும் மிகுந்த ஒளியிலும் திரும்ப எடுக்கும் முறை ஆகியவை இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்துள்ளன.

நான்காவது நமது வெயில். ஒரு மீட்டர் உயர வெண்கலச் சிலை 10 டிகிரி கூடுதல் வெப்பத்தில் ஏறக்குறைய 0.18 மில்லிமீட்டர் வளரும். சில கைக்கருவிகள் 0.05 மில்லிமீட்டர் வரை துல்லியம் என்று சொல்லி விற்பனைக்கு வருகின்றன. காலையில் ஒரு முறையும் மத்தியானம் ஒரு முறையும் அளந்தால் கருவியின் பிழையைவிட வெயிலின் பிழை பெரிதாகிவிடும். 1802-லேயே சங்கிலியின் அருகில் வெப்பமானி வைத்துக் குறித்துக்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பெரிய கட்டடங்களுக்கு வேறு வகைக் கருவி. 2013-ல் ஆஸ்திரேலிய அரசு விஞ்ஞானிகள் தாங்கள் செய்த கைக்கருவியைப் பிடித்துக்கொண்டு இத்தாலியின் சாய்ந்த கோபுரத்தின் உட்புறத்தில் நடந்தே அதன் படத்தை எடுத்துவிட்டார்கள். குஜராத்தின் பாடன் நகரில் உள்ள ராணியின் படிக்கிணற்றை 2011-ல் ஸ்காட்லாந்து நாட்டுக் குழுவினர் முக்காலியில் நிறுத்தும் ஸ்கேனர்களால் பதிவு செய்தனர். நடந்தே எடுப்பதில் ஓரிரு சென்டிமீட்டர் பிழை சகஜம். ராஜமகால் போன்ற மாளிகையின் வரைபடத்துக்கு அது போதும். சிலையின் மூக்குக்குப் போதாது.

ஓலையும் ஒளியும்

சுவாமிமலை ஸ்தபதிகள் செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னோலை ஒன்றை நறுக்கி, அதை மடித்து மடித்து அங்கங்களுக்கு அளவு காண்கிறார்கள். முகம் இத்தனை பங்கு, மார்பு இத்தனை பங்கு என்பது அந்த ஓலையிலேயே அடங்கும். ஆனால் முழு உயரம் எவ்வளவு என்பதை முதலில் தீர்மானித்தே ஓலையை நறுக்க வேண்டும்.

செல்போன் காமிராவால் சுற்றிலும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் உருவம் சேர்க்கும் மலிவான முறையும் இந்த ஓலை போலத்தான். பங்கைச் சரியாகச் சொல்லும். படங்களை மட்டும் வைத்துக்கொண்டு சிலை ஒரு சாணா, ஒரு முழமா என்று சொல்ல அதற்குத் தெரியாது. பக்கத்தில் நீளம் தெரிந்த ஒரு கோலை வைத்துச் சேர்த்துப் படம் எடுத்தால்தான் அளவு கிடைக்கும். சில ரூபாய்க் கோல் இல்லாத காரணத்தால் ஆயிரம் படங்கள் வீணாகலாம்.

முத்திரை வேண்டும்

காய்கறிக் கடைத் தராசுக்கே அரசாங்க முத்திரை கேட்கிறோம். ஒளியால் அளக்கும் முப்பரிமாணக் கருவிகளைச் சோதிப்பதற்கும் சர்வதேசத் தரநிர்ணய நிறுவனம் 2021-ல் ஒரு முறையை வெளியிட்டது. தண்டின் இரு முனைகளில் பொருத்திய உருண்டைகளுக்கு இடையே உள்ள தூரம் முன்பே தெரியும். கருவி அதைப் பல நிலைகளில் அளந்து என்ன சொல்கிறது என்று பார்ப்பது இதில் முக்கியமான சோதனை. வழி இருக்கிறது, பழக்கம்தான் வர வேண்டும்.

நாளை ஒரு சிலை களவு போய், கடல் கடந்த நாட்டுக் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "உங்கள் கருவி சரியான கருவிதானா? அன்று எத்தனை டிகிரி வெயில்? அருகில் கோல் வைத்தீர்களா?" என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். பதில் பதிவேட்டில் இல்லையென்றால் அழகிய படத்துக்கு மதிப்புக் குறைந்துவிடும்.

கருவியைச் செம்மைப்படுத்தும் வேலையை விஞ்ஞானிகள் செய்து வருகிறார்கள். கோல் வைப்பதும், வெப்பம் குறிப்பதும், தட்டைப் பார்ப்பதும் நம்மவர் செய்ய வேண்டியவை. திருப்பதியிலேயே 2015 முதல் ஐ.ஐ.டி. இருக்கிறது, பக்கத்தில் சந்திரகிரி மியூசியம் இருக்கிறது. இரு தரப்பாரும் கைகோத்து ஒரு சிலையையேனும் முறைப்படி அளந்து காட்டினால், எல்லைக்கு இரு புறமும் உள்ள கோயில்களுக்கு அது நல்ல வழிகாட்டியாக அமையும்.