எரிபொருள் போட நிற்கும் விமானம்... அந்த நாட்டுக்கும் விசா வேண்டுமா? குழப்பமும் விளக்கமும்!

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய வடக்குத்து. என்.எல்.சி-யில் பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காகக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட் இருக்கிறது. அமெரிக்க விசாவும் கைக்கு வந்துவிட்டது. பண்ருட்டி முந்திரி, பிள்ளை பெற்றவளுக்கான பத்திய சாமான் எல்லாம் பெட்டிக்குள் போயாகிவிட்டது. சென்னை விமான நிலையத்துக்கு வாடகை காரும் சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அம்மா கேட்கிறார்: "ஏங்க, நடுவுல ஏதோ வியன்னானு போட்டிருக்கே. அந்த ஊருக்கும் விசா வாங்கணுமா?"

"பெட்ரோல் போடத்தான்மா நிக்கும். நீங்க பாட்டுக்கு சீட்லயே உட்கார்ந்திருங்க" என்பது மகளின் பதிலாக இருக்கும். பெரும்பாலான நாள்களில் அந்தப் பதில் சரிதான். ஆனால், அம்மா கேட்ட கேள்வியும் தப்பில்லை. காரணம், 2025 ஜூலை மாதம் நடந்த ஒரு சம்பவம்.

வியன்னாவில் நின்ற விமானம்

2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்கள் தன் வான்வெளியில் பறக்கக் கூடாது என்று பாகிஸ்தான் தடை விதித்தது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தூரம் கூடினால் எரிபொருளும் கூடுதலாகத் தேவை. அதனால் ஏர் இந்தியாவின் அமெரிக்க, கனடா விமானங்கள் சில, ஐரோப்பாவில் வியன்னா, கோபன்ஹேகன் போன்ற ஊர்களில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகத் தொடங்கின.

ஜூலை 2-ம் தேதி டெல்லியிலிருந்து வாஷிங்டன் புறப்பட்ட ஏ.ஐ 103 விமானம், ஏற்கெனவே திட்டமிட்டபடி வியன்னாவில் இறங்கியது. அங்கே நடந்த வழக்கமான பரிசோதனையில், கூடுதல் நேரம் பிடிக்கும் பராமரிப்பு வேலை ஒன்று இருப்பது தெரியவந்தது. வியன்னாவிலிருந்து வாஷிங்டன் செல்லும் பயணம் ரத்தானது. பயணிகள் இறக்கப்பட்டார்கள்.

இங்கேதான் ஒரே விமானத்தில் வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமலே நுழையக்கூடிய பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கும், ஷெங்கன் விசா கையில் இருந்தவர்களுக்கும் ஹோட்டல் கிடைத்தது. மற்றவர்களைத் தங்கவைக்க ஆஸ்திரிய அதிகாரிகளின் பாதுகாப்பு ஒப்புதலுக்கும் குடியேற்றத் துறையின் அனுமதிக்கும் காத்திருப்பதாக விமான நிறுவனம் சொன்னது. அமெரிக்க விசா என்பது அமெரிக்காவுக்கான அனுமதி. ஆஸ்திரியாவின் ஹோட்டல் அறைக்குப் போக அது செல்லாது.

நிற்பதில் மூன்று வகை

குழப்பத்தின் வேர், 'நடுவில் நிற்பது' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் இருக்கிறது. விமானம் நிற்பதில் மூன்று வகை உண்டு.

முதலாவது, டெக்னிக்கல் ஸ்டாப். எரிபொருளுக்கோ பராமரிப்புக்கோ மட்டும் இறங்குவது. யாரும் இறங்க மாட்டார்கள், புதிதாக யாரும் ஏற மாட்டார்கள். 1944-ம் ஆண்டு சிகாகோவில் நாடுகள் கூடிப் போட்ட விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்களில் இதற்குத் தனி உரிமையே உண்டு. பயணிகள் இருக்கையிலேயே இருக்கும்வரை பெரும்பாலான நாடுகளில் விசா பற்றிய பேச்சு எழுவதில்லை.

இரண்டாவது, ஒரே டிக்கெட்டில் விமானம் மாறுவது. இறங்கி, விமான நிலையத்தின் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே நடந்து அடுத்த விமானத்தைப் பிடிப்பது. பெட்டி தானாகவே மாறிவிடும். சில நாடுகள் இதற்கே தனியாக ஏர்போர்ட் டிரான்சிட் விசா கேட்கும்.

மூன்றாவது, விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டுக்கொள்வது. இதில் நடுவில் இருக்கும் ஊரில் பெட்டியை வாங்கி மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைவு விசா இல்லையென்றால் புறப்படும் ஊரிலேயே ஏற்ற மாட்டார்கள்.

இன்னொரு வார்த்தையும் பலரை ஏமாற்றும். 'டைரக்ட்' என்றால் எங்கேயும் நிற்காது என்று பொருளல்ல. ஒரே விமான எண்ணில் நடுவில் நின்று போவதும் டைரக்ட் ஃபிளைட்தான். நிற்காமல் போவது 'நான்-ஸ்டாப்' மட்டுமே.

நாட்டுக்கு நாடு வேறு சட்டம்

அமெரிக்காவில் டிரான்சிட் பகுதி என்ற ஒன்றே கிடையாது என்று சொல்லிவிடலாம். முன்பு விசா இல்லாமல் கடந்து போகும் திட்டம் அங்கும் இருந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக 2003 ஆகஸ்ட் மாதம் அதை நிறுத்திவிட்டார்கள். லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வழியாக ஆக்லாந்து போன ஏர் நியூசிலாந்து விமானத்தின் பயணிகள், இறங்கிய அதே விமானத்தில் மறுபடி ஏறப்போகிறவர்களாக இருந்தாலும் அமெரிக்கக் குடியேற்ற வரிசையில் நின்றுதான் ஆக வேண்டியிருந்தது. 2020-ல் அந்தச் சேவை முடிவுக்கு வந்தது. தென் அமெரிக்காவுக்கோ மெக்சிகோவுக்கோ அமெரிக்கா வழியாகப் போகும் இந்தியர்களுக்கு இன்றும் அமெரிக்க விசா தேவை.

பக்கத்து நாடான கனடா, எரிபொருள் விஷயத்தைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் விமானம் எரிபொருளுக்காக மட்டும் கனடாவில் நின்றால், அமெரிக்காவில் நுழைவதற்கான ஆவணங்கள் உள்ள பயணிக்குக் கனடா விசா தேவையில்லை. அமெரிக்காவில் முறைப்படி இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கும் அப்படியே. ஆனால், கனடாவில் விமானம் மாறுகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. இந்தியர்கள் டிரான்சிட் விசா வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

ஐரோப்பாவில், விமான நிலையத்துக்குள் காத்திருப்பதற்கே விசா கேட்கப்படும் 12 நாடுகளின் பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இலங்கை உண்டு, இந்தியா இல்லை. கணவருக்கு இந்திய பாஸ்போர்ட், மனைவிக்கு இலங்கை பாஸ்போர்ட் என்றிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் போனாலும் இருவருக்கும் விதி வேறு. பொதுப் பட்டியலில் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு நாடும் தனியாகவும் பட்டியல் போட்டுக்கொள்ளலாம். அந்த வகையில் ஜெர்மனி, பிரான்ஸ் ஆகியவை பல ஆண்டுகள் இந்தியர்களிடம் டிரான்சிட் விசா கேட்டு வந்தன. செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஜப்பான் விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இந்த விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், போன வருடம் போய்வந்த சொந்தக்காரர் சொல்வதை மட்டும் நம்பி டிக்கெட் போடக் கூடாது.

எதிர்பாராமல் இறங்கினால்?

திட்டமிட்ட நிறுத்தத்துக்காவது முன்கூட்டியே தயாராகலாம். திடீரென இறங்கும் விமானத்துக்கு என்ன செய்வது?

2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம், இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதான் நகரில் இறங்கியது. 216 பயணிகள், 16 ஊழியர்கள். சிறிய ஊர் என்பதால் போதுமான ஹோட்டல் இல்லை. விடுதிகளிலும் பள்ளிக்கூடத்திலும் தங்கவைத்தார்கள். மும்பையிலிருந்து மாற்று விமானம் வந்து அவர்களை அழைத்துச் சென்றது. 2024 ஜூலையில் அதே வழித்தடத்தில் போன இன்னொரு விமானம் ரஷ்யாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரில் இறங்கியபோது, 225 பயணிகளும் விமான நிலைய முனையத்துக்குள்ளேயே காத்திருந்தார்கள். ஒரே நாடுதான், ஆனால் அனுபவம் வேறு.

2024 டிசம்பர் 1-ம் தேதி பஹ்ரைனிலிருந்து மான்செஸ்டர் போன கல்ஃப் ஏர் விமானம் குவைத்தில் இறங்கியது. சுமார் 60 இந்தியர்கள் ஏறத்தாழ ஒரு நாள் அங்கே சிக்கினார்கள். பிரிட்டன், அமெரிக்க பாஸ்போர்ட்காரர்களுக்கு ஹோட்டல் கிடைத்தது, எங்களுக்கு இல்லை என்று இந்தியப் பயணிகள் புகார் சொன்னார்கள். இந்தியத் தூதரக அதிகாரிகள் நேரில் போய் விமான நிலைய ஓய்வறைகளை ஏற்பாடு செய்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் சீரானது. 2025 ஏப்ரலில் லண்டனிலிருந்து மும்பை வந்த விர்ஜின் அட்லான்டிக் விமானம் துருக்கியின் தியார்பகீரில் இறங்கியபோது, 200-க்கும் மேற்பட்டவர்கள் 40 மணி நேரத்துக்கு மேல் அங்கே காத்துக்கிடந்தார்கள்.

ஏஜென்ட் பேச்சை நம்பினால்...

எரிபொருள் நிறுத்தம் வேறொரு கதையையும் வெளியே கொண்டுவந்தது. 2023 டிசம்பர் 21 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவிலிருந்து மத்திய அமெரிக்காவின் நிகரகுவாவுக்குப் போன தனி வாடகை விமானம், எரிபொருளுக்காக பிரான்ஸின் வாட்ரி விமான நிலையத்தில் இறங்கியது. உள்ளே 303 பேர், பெரும்பாலும் இந்தியர்கள். ஆள்கடத்தல் என்ற சந்தேகத்தில் பிரெஞ்சு போலீஸ் விமானத்தை நிறுத்திவைத்தது. விமான நிலையமே தங்குமிடமானது, அங்கேயே நீதிபதிகள் விசாரணை நடத்தினார்கள். கிறிஸ்துமஸ் அன்று புறப்பட்ட விமானத்தில் 276 பேர் மும்பை திரும்பினார்கள். 25 பேர் பிரான்ஸிலேயே தஞ்சம் கேட்டார்கள்.

'நடுவில் எரிபொருளுக்கு நிற்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்' என்று உறுதி கொடுக்கும் ஏஜென்டுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விமானம் எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்ணின் சட்டம் அதற்குப் பொருந்தும் என்பதைத்தான் வாட்ரி காட்டியது.

கிளம்பும் முன் கவனிக்க...

* டிக்கெட்டில் 'ஸ்டாப்' என்று இருந்தால், எந்த ஊர், இறங்க வேண்டுமா, பெட்டி கடைசி ஊர்வரை போகுமா என்ற மூன்றையும் விமான நிறுவனத்திடம் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

* கவுன்ட்டரில் இருப்பவர் 'டிமாட்டிக்' என்ற சர்வதேச விதித் தொகுப்பைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். ஆவணம் இல்லாதவரை ஏற்றினால் விமான நிறுவனத்துக்கு அபராதம் விழும். அங்கே கெஞ்சிப் பயனில்லை. நிற்கும் நாட்டின் தூதரக இணையதளத்தை டிக்கெட் போடும் முன்பே பாருங்கள்.

* முடிந்தவரை முழுப் பயணத்தையும் ஒரே பி.என்.ஆர் எண்ணில் போடுங்கள்.

* பழைய பாஸ்போர்ட்டில் விசா இருந்தால் அதையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

* பிரஷர், சுகர் மாத்திரைகளை இரண்டு மூன்று நாளைக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். மருந்துச் சீட்டு, ஒரு ஸ்வெட்டர், சார்ஜர், கண்ணாடி ஆகியவையும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது.

* வழியில் சிக்கிக்கொண்டால் போர்டிங் பாஸைத் தொலைக்காதீர்கள். அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணை அழையுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகார் பதியலாம்.

1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்த ஏர் இந்தியாவின் முதல் சர்வதேச விமானமே கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் நின்றுதான் போனது. பிறகு இன்ஜின்கள் வளர்ந்தன, நிற்காமல் போவது பழகிவிட்டது. ஒரு வான்வெளி மூடப்பட்டதும் பழைய வழக்கம் திரும்ப வந்திருக்கிறது.

வடக்குத்து தம்பதிக்கான பதில் இதுதான். இறங்காமல் இருக்கையிலேயே இருக்கும்வரை வியன்னாவுக்கென்று தனி விசா வேண்டாம். ஆனால், விமானம் அங்கேயே நின்றுவிட்டால் ஓர் இரவை விமான நிலைய நாற்காலியில் கழிக்க வேண்டியிருக்கலாம். எனவே முந்திரிப் பொட்டலம் பெரிய பெட்டியிலேயே இருக்கட்டும். மாத்திரை டப்பாவும் மகளின் போன் நம்பர் எழுதிய ஒரு துண்டுத்தாளும் அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும்.