எடை குறைந்த கார்: ஒரு வெல்டிங் பட்டறைக் கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கார் வேகமாக ஓட வேண்டுமானால் பெரிய எஞ்சின் வேண்டும் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நாம் பள்ளியிலேயே படித்த நியூட்டனின் இரண்டாம் விதி வேறொரு வழியையும் காட்டுகிறது. விசையைக் கூட்டினால் முடுக்கம் கூடும். விசையை அப்படியே வைத்துக்கொண்டு நிறையைக் குறைத்தாலும் முடுக்கம் கூடும். பெரிய எஞ்சினுக்குப் பெரும்பணம் வேண்டும். நிறையைக் குறைக்க வேண்டியது சிந்தனையும் ஓர் இரும்பறுக்கும் வாளும்தான். ஆகவேதான் உலகில் பல நல்ல பந்தயக் கார்கள் பெரிய தொழிற்சாலைகளில் பிறக்காமல் வீட்டுக் கொட்டகைகளில் பிறந்தன.

கணக்கிட்டே பார்த்துவிடுவோம். 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான மாருதி 800 காரின் எடை சுமார் 650 கிலோ. அதன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் தருவது ஏறத்தாழ 37 குதிரைத்திறன், அதாவது சுமார் 27,600 வாட். ஓட்டுபவர் எடை 60 கிலோ என்று கொள்வோம். வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தை எட்டும்போது அதன் இயக்க ஆற்றல் 1,42,000 ஜூல். முழுத் திறனும் சக்கரத்துக்குச் சென்றால் இதற்கு 5.1 நொடி ஆகும். அதே எஞ்சினை 450 கிலோ எடையுள்ள வண்டியில் பொருத்தினால் தேவைப்படும் ஆற்றல் 1,02,000 ஜூல், நேரம் 3.7 நொடி. உராய்வையும் காற்றுத் தடையையும் கியர் மாற்றும் நேரத்தையும் தள்ளிவிட்டுப் போட்ட கணக்கு இது. நடைமுறையில் இரண்டு எண்களும் பெரிதாகும். எனினும் எடை குறைந்த வண்டி முந்துவது மாறாது.

இலாபம் இத்துடன் முடியவில்லை. நிறுத்தும்போதும் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 40,000 ஜூல் குறைகிறது. வளைவுகளிலோ, உராய்வு விதியின்படி பார்த்தால் நிறை இரு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். எடையால் பயனில்லை என்று தோன்றும். ஆனால் இரப்பர் டயர் பாடப்புத்தக உராய்வு விதிக்கு முற்றும் கட்டுப்படுவதில்லை. அதன்மீது சுமை ஏற ஏற அதன் உராய்வுக் கெழு குறைகிறது. எனவே வளைவிலும் இலேசான வண்டிக்கே வெற்றி. நேர்ச்சாலையின் உச்ச வேகத்தில் மட்டும் எடைக்குப் பெரிய பங்கில்லை. அங்கே காற்றுதான் எதிரி.

இந்தக் கணக்கைத் தம் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டவர் ஆங்கிலேயரான காலின் சாப்மன். இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோதே பழைய கார்களை வாங்கி விற்று வந்தார். 1947 இறுதியில் பெட்ரோல் பங்கீட்டில் ஏற்பட்ட மாற்றத்தால் அந்த வியாபாரம் படுத்துவிட, விலைபோகாத ஓர் ஆஸ்டின் செவன் கையில் நின்றது. தம் காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் வைத்து அதன் மேலுடலைக் கழற்றிவிட்டு, அலுமினியத் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகையால் புதிய உடல் அமைத்தார். 1948இல் உருவான அந்த வண்டியே முதல் லோட்டஸ். 1952இல் நிறுவனம் தொடங்க ஹேசல் கடனாகக் கொடுத்தது வெறும் 25 பவுன்!

சாப்மன் எஞ்சினையும் விட்டுவைக்கவில்லை. ஆஸ்டின் செவனின் 747 கன சென்டிமீட்டர் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கு இரண்டே காற்று வழிகள். இரண்டு சிலிண்டர்கள் ஒரே வாசலில் மூச்சு வாங்கினால் ஒன்றின் மூச்சை மற்றொன்று பறிக்கும். அவர் ஒவ்வொரு வாசலுக்கும் நடுவே தடுப்பு வைத்து நான்காக்கினார். அந்த வண்டி மற்றவற்றை வெகுவாக முந்திச் சென்றதால், மன்றத்தார் பின்னர் விதியையே மாற்றி அந்த உபாயத்தைத் தடுத்தனர். வென்றவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன?

1957இல் வந்த லோட்டஸ் செவன் என்னும் இரண்டிருக்கைக் காரின் எடை 500 கிலோவுக்கும் குறைவு. அதைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்நாட்டின் கொள்முதல் வரி கிடையாது. எனவே ஆயிரக்கணக்கான எளியவர்கள் பந்தயக் காருக்குச் சொந்தக்காரர்களாயினர். 1973இல் அவ்வரி நீங்கி வேறு வரி வந்தது. அதே ஆண்டு செவனின் உரிமையைக் கேட்டர்ஹாம் நிறுவனம் பெற்றது. 1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுன் செலவில் அதைப் போன்ற காரை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். அதைப் பார்த்துச் செய்தவர்கள் பல நாடுகளிலும் உள்ளனர்.

நம் நாட்டில் இவ்வாறு யாரும் இல்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். இருந்தார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டு மன்றத்தார் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தினர். வெளிநாட்டுக் கார் எளிதில் வாங்க முடியாத காலம் அது. உள்ளூர்க் கார்களையே அறுத்தும் ஒட்டியும் ஓட்டினர். சென்னையில் 1960களில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இத்தகைய கைவேலைக்கு ஏற்ற வண்டி. அம்பாசிடரில் உடலும் அடிச்சட்டமும் ஒன்று. மேலுடலை வெட்டினால் வண்டியே தளர்ந்துவிடும். ஹெரால்டில் அடிச்சட்டம் தனி. மேலுடலைத் தூக்கி எறிந்துவிட்டு விரும்பியதை வைத்துக்கொள்ளலாம்.

கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நூற்பாலைக் குடும்பத்தில் பிறந்த அவர், தாம் ஓட்டியதோடு நில்லாமல் பிறரும் ஓட்டும்படியான பந்தயக் கார்களை உள்நாட்டிலேயே செய்தார். ஃபார்முலா மாருதி என்ற ஓரிருக்கைக் காருக்கு அவர் எடுத்துக்கொண்டது நம் ஊர் டாக்சி நிறுத்தத்தில் நின்ற அதே மாருதி 800 எஞ்சின்தான். பின்னாளில், 2005இல், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியே. கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இன்று பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே செய்த கார்களைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவதும் அங்கேதான்.

இனி நம் காரைக்காலுக்கு வருவோம். என் மாமா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளான எனக்குக் கட்டணம் கட்டுபவரும் அவரே. பட்டறையின் பின்னால் ஒரு மாருதி 800 நிற்கிறது. கடற்காற்று அதன் தளத்தையும் கதவுகளையும் தின்றுவிட்டது; எஞ்சின் மட்டும் உயிரோடு இருக்கிறது. அதைக் கொண்டு சதுரக் குழாயில் ஓர் இலேசான வண்டி கட்டுவது என்று நாங்கள் இருவரும் தீர்மானித்திருக்கிறோம். விடுமுறை நாட்களில் வேலை நடக்கிறது.

எஞ்சின் அமைப்பில் எங்களுக்கு ஒரு வசதி வாய்த்தது. மாருதியில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒன்றாக முன்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. அந்த முழுத் தொகுதியையும் அப்படியே தூக்கி ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டால் அது பின்சக்கரங்களைச் சுழற்றும். ஸ்டியரிங் கம்பி பூட்டும் இடத்தை அசையாத இணைப்பால் சட்டத்தோடு கட்டிவிட்டால் அச்சக்கரங்கள் திரும்ப மாட்டா. நீண்ட சுழல் தண்டும் அதன் எடையும் மிச்சம்.

கடினமானது சட்டம்தான். இதில் என் பாடப்புத்தகத்துக்கு முன்பே மாமாவின் கை பதில் வைத்திருந்தது. நான்கு கம்பிகளைச் சதுரமாகப் பற்றவைத்து மூலையில் அழுத்தினால் அது சாய்சதுரமாகிவிடும். மூன்று கம்பிகளின் முக்கோணம் அசையாது. சைக்கிள் ஃபிரேமைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மாமா கேட் செய்யும்போது குறுக்கே ஒரு கம்பி வைப்பார். "தட்டைப் பட்டை வச்சா மேல் கீல்லேருந்து கீழ் மூலைக்கு இழுத்து வைக்கணும் மாப்ளே, ஆங்கிள் வச்சா கீழ் கீல்லேருந்து மேல் மூலைக்கு முட்டுக் குடுக்கணும். மாத்தி வச்சா கேட்டு தலை தொங்கிப்போவும்" என்பார். ஏனென்று கேட்டால், அவருடைய ஆசான் அப்படித்தான் சொன்னாராம். காரணம் இதுதான்: மெல்லிய பட்டை இழுவிசையைத் தாங்கும், அமுக்கு விசையில் வளைந்துவிடும். மேல் கீலிலிருந்து வரும் குறுக்கு இழுபடுகிறது. கீழ் கீலிலிருந்து எழுவது அமுக்கப்படுகிறது. நீண்ட கம்பி அமுக்கத்தில் வளையும் சுமை, அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதாக ஆய்லர் காட்டினார். நீளத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு தாங்கும்.

கேட்டுக்கு விசை எப்போதும் ஒரே திசையில், காருக்கு அப்படியில்லை. இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இழுபடும் குழாய், வலது சக்கரம் இறங்கும்போது அமுக்கப்படும். எனவே காரில் தட்டைப் பட்டை உதவாது. எல்லாக் குறுக்குகளும் குழாயாகவே இருக்க வேண்டும். குழாய் ஏன் என்பதற்கு நம் மூங்கிலே சான்று. ஒரே அளவு பொருளை உள்ளீடற்றதாக அகலப் பரப்பினால் வளையாத்தன்மை பன்மடங்கு கூடும். நாணலையும் பறவை எலும்பையும் காட்டிக் கலிலியோ 1638ஆம் ஆண்டு நூலிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு சங்கடம்: குழாயின் உள்ளே உப்புக்காற்று புகுந்தால் வெளியே தெரியாமலே துருப்பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு குழாய் முனையையும் மாமா முற்றிலும் அடைத்தே பற்றவைக்கிறார்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது முறுக்கம். ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து இரு முனையையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள், தாராளமாக முறுக்கிக்கொள்ளும். அதை உறையில் செருகிவிட்டுத் திருகினால் விறைத்து நிற்கும். பெட்டியின் ஆறு முகங்களும் மூடியிருந்தால்தான் அது முறுக்கத்தை எதிர்க்கும். ஒரு முகம் திறந்தாலும் அந்த வலிமை பெரிதும் போய்விடும். திறந்த காரில் மனிதன் உட்கார மேல்முகத்தைத் திறந்தே ஆக வேண்டும்! முறுக்கிக்கொள்ளும் சட்டத்தில் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யாது. நான்கு சக்கரங்களும் தரையை ஒழுங்காகப் பற்றா. லோட்டஸ் செவன் முதலிய வண்டிகளில் இருக்கைகளுக்கு நடுவே ஒரு பெட்டிக் குகையை ஓட்டியும், தளத்திலும் பக்கங்களிலும் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்தும் இதை ஓரளவு ஈடுசெய்தனர். எங்கள் வண்டியிலும் நடுக் குகை உண்டு, சுழல் தண்டு இல்லாவிட்டாலும். அது வெறும் இடைஞ்சல் என்றுதான் மாமா முதலில் சொன்னார். தீப்பெட்டியைக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்.

பற்றவைப்பு வேலையை மாமா எனக்குத் தருவதில்லை. "அக்கா மவன் உக்காரப்போற வண்டி, கேட்டு வுளுந்தா தூக்கி மாட்டிக்கலாம்" என்கிறார். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் அதே குழாயின் துண்டுகள் இரண்டைப் பற்றவைத்து, வைஸில் கடித்து, சம்மட்டியால் அடித்துப் பார்க்கிறார். குழாய் கிழிந்தால் அன்று வேலை நடக்கும். பற்று விட்டால் கரண்டையும் ராடையும் மாற்றி மறுபடியும் துண்டு போடுவார். என் தாயார் இன்னும் சம்மதிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பட்டறைப் பக்கம் வந்தால் அந்தச் சட்டத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்.

இதைச் சாலையில் ஓட்டலாமா என்று வகுப்புத் தோழர்கள் கேட்கிறார்கள். கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை வலியுறுத்தியது. புதிதாகச் செய்த வண்டியானாலோ, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் மாதிரியைச் சோதித்துச் சான்று பெற வேண்டும்; அச்செலவு பட்டறைக்காரருக்கு எட்டாதது. பிரிட்டனில் தனி ஒரு வண்டியைச் சோதித்துச் சாலைக்கு அனுமதிக்கும் முறை இருக்கிறது. இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. சைலன்சரைக் கழற்றிவிட்டு இரவில் கடற்கரைச் சாலையில் முழக்குவதை வண்டி மாற்றம் என்று சொல்லித் திரிவோரை நான் இதில் சேர்க்கவில்லை. எங்கள் வண்டி ஓடினால் வேலியிட்ட தனி இடத்தில், தலைக்கு மேல் உருள்வளையமும் இருக்கைப் பட்டையும் இருந்தால்தான் ஓடும்.

இப்போது சட்டம் செங்கல் அடுக்குகளின்மேல் நிற்கிறது. அடுத்தது முறுக்குச் சோதனை. பின்பகுதியை அசையாமல் கட்டிவிட்டு, முன்பகுதியில் ஒரு மீட்டர் நீளக் கையின் முனையில் 50 கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிடப் போகிறோம். கம்பியின் விறைப்புக் குணகம் காண நம் ஆய்வகத்தில் பயன்படுத்தும் கண்ணாடி, அளவுகோல் முறையே இங்கும் போதும். சட்டம் ஒரு பங்கு திரும்பினால் கண்ணாடியில் பட்டு வரும் ஒளி இரு பங்கு திரும்பும். அளவுகோல் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால், சட்டம் அரை டிகிரி முறுக்கும்போது ஒளிப்புள்ளி மூன்றரை சென்டிமீட்டர் நகரும். அந்த மூன்றரையைத்தான் எல்லையாக வைத்திருக்கிறோம். தாண்டினால் குறுக்குக் குழாய்கள் சேர்த்து இன்னொரு முறை பார்ப்போம். அப்போதும் தாண்டினால் சட்டத்தை அறுத்து இரண்டு கேட்டுகளாக்கி விற்றுவிடுவது என்பது மாமாவின் முடிவு. எனக்கும் அதில் சம்மதமே.